வலியறிதல்: கொடைக்கானல் பாதரசத் தொழிலாளர் வாழ்வில் நோயும் நோயறிவும்

ஆய்வுச் சுருக்கம்

நெடுநாள் நோயுடன் வாழ்வோர் அந்நோயினூடாகப் பெறும் அறிவையும் ஆற்றலையும் தமிழ் மரபுக் கருத்தாக்கங்களின் துணைகொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. பழனி மலைத்தொடரில் அமைந்த கொடைக்கானலின் வெப்பமானி ஆலையில் பணியாற்றிப் பின்னர் நோயுற்றதாக முறையிட்ட தொழிலாளரின் நெடும்போராட்டம் ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகிறது. ‘வலி’ என்னும் சொல் வலிமையையும் நோவையும் ஒருங்கே குறிப்பதை அடியாகக் கொண்டு, திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் வகுக்கும் நால்வகை வலிகளின்வழி நோயாளரின் திறன்கள் வகைப்படுத்தப்படுகின்றன. நோய் தானாகவே ஆற்றல் தருவதில்லை என்பதும், நோய்முதலை நாடும் முயற்சியே அதனை அறிவாக மாற்றுகிறது என்பதும் கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்

வலி, நோன்மை, நோய்முதல், நோயறிவு, பாதரசம், கொடைக்கானல், கூட்டுநினைவு

முன்னுரை

கொடைக்கானல் நலம் தேடி வந்தோரால் உருவான ஊர். மதுரையில் பணிபுரிந்த அமெரிக்க மறைப்பணியாளர் சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் தொடர்ந்து துன்புற்றுக் குளிர்ந்த மலையிடம் நாடினர். 1845-இல் அவர்கள் எழுப்பிய இரு வீடுகளிலிருந்தே இன்றைய கொடைக்கானல் வளர்ந்தது. அம்மலைத்தொடரின் அடிவாரத்தில் பழனி உள்ளது. அங்குள்ள மூலவர் திருமேனி, போகர் ஒன்பது பாடாணங்களைக் கட்டி அமைத்தது என்பதும், அதனைத் தீண்டிய திருமுழுக்குப் பொருள் பிணி தீர்க்கும் என்பதும் மக்கள் நம்பிக்கை. முறைப்படி சுத்தி செய்யப்பட்ட நஞ்சு மருந்தாகும் என்பது சித்த மருத்துவ மரபின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. அம்மரபு பெரிதும் பேசும் பொருள்களுள் இரசம் எனப்படும் பாதரசமும் அடங்கும்.

நலத்தின் இடமாக அறியப்பட்ட இம்மலையில், சுத்தி செய்யப்படாத பாதரசம் 1980-களில் தொழிற்பொருளாக வந்து சேர்ந்தது. அதனால் நோயுற்றதாகக் கூறிய தொழிலாளர் பதினைந்து ஆண்டுகள் போராடினர். இப்போராட்டம் சூழலியல், சட்டம், மருத்துவம் ஆகிய துறைகளில் பேசப்பட்ட அளவிற்குத் தமிழாய்வில் பேசப்படவில்லை. நோயுற்றோர் எதனை அறிந்தனர், அவ்வறிவை எவ்வாறு சொல்லாக்கினர் என்ற வினாக்கள் மொழியோடும் இலக்கியத்தோடும் தொடர்புடையவை. ஆதலின் இவ்வாய்வு தேவையாகிறது.

சொல்லும் கருத்தும்

பண்டைத் தமிழில் ‘வலி’ என்பது வலிமையைக் குறித்தது. திருக்குறளின் 48-ஆம் அதிகாரத் தலைப்பான வலியறிதல் இதற்குச் சான்று. இன்றைய வழக்கில் அச்சொல் பெரும்பாலும் நோவையே குறிக்கிறது. தலைவலி, வயிற்றுவலி என வலியைக் கூறும் நாவே ‘வலியவன்’ என்றும் கூறுகிறது. இதனையொத்த நெருக்கம் ‘நோய்’, ‘நோன்மை’ ஆகிய சொற்களிடையிலும் காணப்படுகிறது. நோன்மை என்பதற்குப் பொறுமை, வலிமை, தவம் ஆகிய பொருள்கள் உண்டு. திருமுருகாற்றுப்படை முருகனின் அடியை நோன்தாள் என்று சிறப்பிக்குமிடத்து வலிமைப் பொருளே முன்னிற்கிறது. உற்ற நோயைப் பொறுத்தலும் பிறவுயிர்க்குத் துன்பம் செய்யாமையுமே தவத்தின் வடிவம் என்று 261-ஆம் குறள் வரையறுக்கும்போது பொறுமைப் பொருள் முன்னிற்கிறது. இச்சொற்களின் வேர் ஒன்றா என்பது இங்கு ஆய்பொருள் அன்று. துன்புறுதலும் ஆற்றலும் தமிழ்ச் சொற்புலத்தில் அயலயலாக நிற்கின்றன என்பதே இங்குக் கருதத்தக்கது.

நோயாளரை அறிவுடையோராகக் கருதும் பார்வையும் மரபில் உண்டு. மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது நோயுற்றவனையே முதலில் வைக்கிறது. மருத்துவனும் மருந்தும் உடனிருந்து உதவுபவனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். நோயாளன் மருத்துவம் செய்யப்படும் பொருளாக மட்டுமன்றி, மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவும் இங்கு நிற்கிறான்.

பக்தி மரபில் நோய் வேறொரு பணியைச் செய்கிறது. சூலை நோயால் துன்புற்ற நாவுக்கரசர் தமக்கை திலகவதியாரை நாடித் திருவதிகையில் நோய் நீங்கப் பெற்றதைப் பெரியபுராணம் விரிக்கிறது. அருணகிரிநாதர் வரலாற்றிலும் நோயும் மீட்பும் இடம்பெறுகின்றன. அவரது திருத்தணிப் பாடலொன்று நீரிழிவு, சோகை, தீராத் தலைவலி முதலிய பிணிகளை அடுக்கி அவை அணுகாதிருக்க வேண்டுகிறது. இவ்வரலாறுகளில் நோய் அருளுக்கு வாயில். நோய் நீங்கியபின்னரே பாடல் பெருகுகிறது. நீங்காத நோயுடன் நாள்தோறும் வாழ்வோரின் அறிவை விளக்க இச்சட்டகம் மட்டும் போதாது.

இவ்விடத்துப் பிறநாட்டு ஆய்வுகள் துணைபுரிகின்றன. நெடுநாள் நோய் ஒருவரது வாழ்க்கை வரலாற்றின் தொடர்ச்சியை முறிக்கிறது என்று மைக்கேல் பியூரி 1982-இல் விளக்கினார். நோயைக் கவனிக்கும் வேலை, அன்றாட வேலை, முறிந்த வாழ்க்கை வரலாற்றை மீளக் கட்டும் வேலை என மூன்று வேலைகளை நோயாளர் ஒருங்கே செய்கின்றனர் என்பது ஜூலியட் கார்பின், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட நூலின் கருத்து. நோயாளரின் திறன் பிறவிக்குணமன்று, உழைப்பால் வருவது என்பதை இக்கருத்து தெளிவாக்குகிறது. எனினும் இவ்வுழைப்பு பெரும்பாலும் வீட்டிற்குள்ளும் மருத்துவமனைக்குள்ளும் நிகழ்வதாகவே அவர்கள் காட்டுகின்றனர். பணியிடத்திலிருந்து வரும் நோய்க்கு இவ்வெல்லை விரிய வேண்டியுள்ளது.

ஆய்வுக்களம்: ஆலையும் நோயும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானி ஆலை 1980-களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் நிறுவனத்தால் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. உற்பத்தியான வெப்பமானிகள் பெரும்பாலும் ஏற்றுமதி செய்யப்பட்டன. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஏறத்தாழ 7.4 டன் அளவில் மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய பொருள் கிடங்கொன்றில் கிடந்ததை ஊர்மக்களும் சூழலியல் அமைப்பினரும் வெளிப்படுத்தினர். அதே மாதத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

கழிவு கப்பலேறியபின்னும் தொழிலாளரின் சிக்கல் முடிவுறவில்லை. பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாவது. அவ்வாவிக்கு நிறமும் மணமும் இல்லை. மூச்சில் கலந்த ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு நுரையீரல்வழி உடலில் சேர்கிறது. அது நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. நடுக்கம், உறக்கமின்மை, தலைவலி, தசைத்தளர்ச்சி, நினைவிழப்பு ஆகியவற்றை இதன் விளைவுகளாக உலக நலவாழ்வு நிறுவனம் குறிப்பிடுகிறது.

இந்நோயின் இரு இயல்புகள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை. முதலாவது, உடலில் சேர்ந்த பாதரசத்தின் அளவு ஒன்றிரண்டு மாதங்களில் பாதியாகக் குறைகிறது. ஆண்டுகள் கழித்துச் செய்யும் குருதி, சிறுநீர்ச் சோதனை முன்னைய பாதிப்பைக் காட்டாது போகலாம். நஞ்சு வெளியேறியபின்னும் அது விளைத்த சேதம் உடலில் தங்கலாம். இரண்டாவது, வேதியியல் சான்று மறையும்போது எஞ்சும் சான்று மனிதரின் நினைவு. அந்நினைவையே இந்நோய் அரிக்கவல்லது. சான்று சொல்ல வேண்டியவரின் சான்றாற்றலைத் தாக்கும் நோயை எதிர்கொள்ளத் தனிமனித நினைவு போதாது. கூட்டுநினைவு தேவைப்படுகிறது. இத்தொழிலாளரின் திறன்களுக்கெல்லாம் இத்தேவையே அடிப்படை எனலாம்.

நால்வகை வலியறிவு

செயலின் வலி, தன் வலி, பகைவன் வலி, துணையின் வலி ஆகிய நான்கையும் சீர்தூக்கிச் செயற்பட வேண்டும் என்பது வலியறிதல் அதிகாரத்தின் முதற்குறள் கூறும் நெறி. அரசனுக்குக் கூறப்பட்ட இந்நெறியை நோயாளர்க்கும் பொருத்திக் காண இடமுண்டு. முதலில் அறியப்படுவது தன் உடலாதலின் இங்கு வரிசை மாற்றிக் கொள்ளப்படுகிறது.

தன்வலி: நோயாளர் முதலில் கற்பது உடலை வாசிக்கும் கலை. எந்த நோவு உழைப்பால் வந்தது, எது ஓய்விலும் நீங்காதது, கை எந்நேரத்தில் நடுங்குகிறது, எந்த வேலை இனி இயலாது என்பனவற்றை அவர்கள் நாள்தோறும் அளந்தறிகின்றனர். நோயின் அளவையும் நோயாளியின் அளவையும் காலத்தையும் ஆராய்ந்து மருத்துவம் செய்க என்று 949-ஆம் குறள் மருத்துவனுக்குக் கூறுகிறது. நெடுநாள் நோயில் இம்மூன்றையும் இடைவிடாது அளப்பவர் நோயாளரே. மருத்துவர் சில நிமிடங்கள் காணும் உடலோடு அவர் ஆண்டு முழுதும் வாழ்கிறார். இவ்வறிவில் உடனிருந்து உதவுவோர்க்கும் பங்குண்டு. நினைவு தளர்ந்தவரின் பொருட்டு நினைவு வைத்திருப்பது வீட்டிலுள்ளோரின் வேலையாகிறது.

வினைவலி: இரண்டாவது, தாம் செய்த வேலையின் இயல்பை மீண்டும் அறிதல். வெப்பமானி செய்யும் திறனை ஆலையில் பெற்றவர்கள், அதே வேலையை நோய்க்குக் காரணமாகப் பின்னர் நோக்கிப் பார்க்க நேர்ந்தது. போதிய பாதுகாப்புக் கருவிகள் தரப்படவில்லை, பாதரசத்தின் தீங்கு முறையாக உணர்த்தப்படவில்லை என்பன தொழிலாளர் தரப்பின் முறையீடுகள். எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு பணி, கண்ணாடி உடைந்தபோது சிந்திய பாதரசம் எங்குச் சென்றது, பணியுடை எங்குத் துவைக்கப்பட்டது என்ற வினாக்களுக்கு விடையளிக்கவல்லவர் அங்கு வேலை செய்தவரே. கைப்பழக்கமாக இருந்த தொழிலறிவு இவ்வாறு சான்றறிவாக மாறுகிறது. பாதிக்கப்பட்ட மக்களே நோய்க்காரணத்தைத் தேடும் இத்தகைய முயற்சியை அமெரிக்கச் சமூகவியலர் பில் பிரவுன் மக்கள் நோய்ப்பரவலியல் என்று அழைத்தார்.

துணைவலி: மூன்றாவது, ஒருவர் நோயைப் பலர் நோயோடு ஒப்பிட்டறிதல். ஒரு வீட்டில் தலைவிதியாகத் தோன்றுவது, பல வீடுகளில் ஒரே ஆலையோடு தொடர்புற்றுக் காணப்படும்போது காரணமுடைய நிகழ்வாகத் தெரிகிறது. ஆலையின் முன்னாள் பாதரசத் தொழிலாளர் நலச்சங்கம் இவ்வொப்பீட்டிற்கு இடமளித்தது. தனித்தனி நினைவுகள் பட்டியலாகவும் மனுவாகவும் மாறியது இச்சங்கத்தின் வழியாகவே. உழைக்கும் உடல்நிலை குன்றியவர்கள் ஒருவருக்கொருவர் நினைவாக நின்றனர்.

துணை தேடும் ஆற்றலும் இதனுள் அடங்கும். மருத்துவர், சூழலியலாளர், வழக்கறிஞர், கலைஞர் எனப் பலரோடு அவர்கள் கைகோத்தனர். 2015-இல் சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாடற்காணொளி கொடைக்கானலின் செய்தியை உலகறியச் செய்தது. 2018-இல் வெளிவந்த அதன் தொடர்ச்சியில் கருநாடக இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் பாடினார். மலையூர்த் தொழிலாளரின் நோவு நகரத்து இளைஞரின் இசைவடிவில் ஒலித்தது அண்மைக்காலப் பண்பாட்டு வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வு.

மாற்றான்வலி: நான்காவது, எதிர்த்தரப்பின் மொழியைக் கற்றல். ஆலைப்பணியால் தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. அதற்கு விடையிறுக்க நோவின் மொழி மட்டும் போதாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பாதரச நச்சேற்றம் அறிவிக்கத்தக்க நோயாக இடம்பெற்றிருந்தது. இத்தகைய சட்டச் செய்திகளும் ஆய்வக அளவுகளும் முறையீட்டின் சொற்களாக வேண்டியிருந்தன. ஆலை மண்ணில் ஒரு கிலோவிற்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் எஞ்சலாம் என்ற தூய்மைப்படுத்தும் அளவு பற்றிப் பின்னர் எழுந்த எதிர்ப்பும் எண்களின் மொழியிலேயே நிகழ்ந்தது.

2006-இல் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் சார்பில் 2011-இல் உருவான அறிக்கை, தொழிலாளர் பலரது நோய்க்குப் பணியிடத்துப் பாதரசத்தைக் காரணமாகக் காட்டியது. 2016 மார்ச்சில் நிறுவனத்திற்கும் சங்கத்திற்கும் உடன்பாடு ஏற்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உதவித்தொகை வழங்க நிறுவனம் இசைந்தது. ஆயினும் அதனை மனிதநேய அடிப்படையிலான உதவி என்றே அது குறிப்பிட்டது. தொழிலாளர் கேட்ட ‘இழப்பீடு’ என்ற சொல்லுக்கும் கிடைத்த ‘உதவி’ என்ற சொல்லுக்கும் இடையே பொறுப்பு பற்றிய வினா விடையின்றி நிற்கிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தே உடன்பாட்டை ஏற்பதும் மாற்றான்வலி அறிதலின் ஒரு கூறாகும்.

நோய்முதல் நாடல்

நோயை ஆராய்ந்து, அதன் முதலை ஆராய்ந்து, தணிக்கும் வழியை ஆராய்ந்து, பொருந்தச் செய்க என்பது 948-ஆம் குறளின் கருத்து. நோய்முதல் என்பதற்கு நோய் வரும் காரணம் என உரைகள் பொருள் கூறுகின்றன. அதே அதிகாரத்தின் முதற்குறள் வளி முதலிய மூன்றின் மிகுதி குறைவுகளைப் பேசுகிறது. பின்வரும் குறள்கள் உணவின் அளவை வலியுறுத்துகின்றன. ஆகவே அங்கு நோய்முதல் உடலுக்குள்ளும் உண்பவனின் ஒழுக்கத்திலும் தேடப்படுகிறது. தொழில்வழி நோயில் நோய்முதல் உடலுக்கு வெளியே, பிறரது முடிவுகளில் உள்ளது. மிதமாக உண்ணும் தொழிலாளியும் மூச்சு விடாதிருக்க இயலாது.

இதனால் இரு விளைவுகள் ஏற்படுகின்றன. ஒன்று, மருத்துவத்தின் நாற்கூறுகளோடு பணியிடத்தை நடத்துவோரும் கண்காணிக்கும் அரசும் எண்ணப்பட வேண்டியவர்களாகின்றனர். மற்றொன்று, நோய்முதல் நாடும் கடமை மருத்துவனிடமிருந்து நோயாளரிடமும் பகிரப்படுகிறது. கொடைக்கானல் தொழிலாளர் செய்தது இந்நாடலே. குறளின் சொற்றொடர் அவர்கள் வாழ்வில் புதிய பொருள்விரிவு பெறுகிறது.

ஒப்புநோக்கு

சப்பானின் மினமாட்டாவில் ஆலைக்கழிவிலிருந்த கரிமப் பாதரசம் மீன்வழி மக்களை அடைந்து நோய் விளைத்தது. 1956-இல் அந்நோய் அதிகாரமுறையில் கண்டறியப்பட்டது. கொடைக்கானலில் பேசப்பட்டது பாதரச ஆவியாதலின் இரண்டும் மருத்துவ நிலையில் ஒன்றல்ல. இலக்கிய நிலையில் ஒப்பீடு பயனுடையது. அவ்வூர்ப் பகுதியில் வாழ்ந்த இசிமுரே மிச்சிகோ 1969-இல் வெளியிட்ட நூல் நோயுற்ற மீனவரின் வட்டாரப் பேச்சை இலக்கியமாக்கியது. பாதிக்கப்பட்டோரே அங்குள்ள அருங்காட்சியகத்தில் கதைசொல்லிகளாகத் தம் வாழ்வை எடுத்துரைக்கின்றனர். 2013-இல் ஏற்கப்பட்ட பாதரசக் கட்டுப்பாட்டு உலக உடன்படிக்கை மினமாட்டாவின் பெயரையே தாங்கியுள்ளது. இந்தியாவும் 2018-இல் அதனை உறுதி செய்தது.

போபால் நச்சுவாயு நிகழ்வில் பாதிக்கப்பட்ட ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா ஆகிய இருவரும் எழுதுபொருள் தயாரிக்கும் பெண் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தி, 2004-இல் கோல்டுமேன் சூழலியல் விருது பெற்றனர். மூன்று ஊர்களிலும் நோயாளர் அறிவு கூட்டமைப்பின் வழியாகவே பொதுவெளிக்கு வந்துள்ளது. மினமாட்டாவிலிருந்து கொடைக்கானல் ஒன்றில் வேறுபடுகிறது. பாதிக்கப்பட்டோரின் பேச்சு அங்கு நூலாகவும் நிலையான எடுத்துரைப்பாகவும் நிற்கிறது. இங்கு அது பெரும்பாலும் மனுவிலும் வழக்குக் கட்டிலும் செய்தியிலும் சிதறிக் கிடக்கிறது.

எல்லைகள்

நோயாளரின் திறன்களைப் பேசுவதில் ஓர் இடர் உண்டு. துன்பம் மனிதரை உயர்த்தும் என்ற பொதுக்கூற்று, துன்பம் விளைத்தவரின் பொறுப்பை மறைக்கக்கூடும். உடலை வாசிக்கும் திறனும் சட்டம் அறிந்த திறனும் பாராட்டுக்குரியனவே. எனினும் அவற்றைப் பெறாமலேயே நலமாக வாழ்ந்திருக்கும் உரிமை அத்தொழிலாளர்க்கு இருந்தது. மேலும், நோயுற்ற அனைவரும் இத்திறன்களைப் பெற்றனர் என்று கொள்வதும் பிழை. தளர்ச்சியால் வாய்பேசாது ஒதுங்கியவரும், உடன்பாட்டைக் காணாது இறந்தவரும் உளர். அவர்களின் அமைதியைத் தோல்வியாகக் கருதலாகாது. நோன்மை என்பது நோயாளரிடம் எதிர்பார்க்கப்படும் கடமையாக மாறுமாயின், அது மற்றுமொரு சுமையாகும்.

முடிவுரை

நோய் தன்னளவில் ஆற்றல் தருவதில்லை. அதன் முதலை நாடும் உழைப்பே நோவை அறிவாக்குகிறது. அவ்வறிவு உடலை வாசித்தல், வேலையை மீளாய்தல், துணை திரட்டல், எதிர்த்தரப்பின் மொழியைக் கற்றல் என நால்வகையாக வெளிப்படுவதை வலியறிதல் என்னும் குறள்நெறி விளக்கப் பயன்படுகிறது. உடற்சான்று மறைவதும் நினைவு தளர்வதும் பாதரச நோயின் இயல்புகளாதலின், கொடைக்கானலில் இவ்வறிவு தனிமனிதத் திறனாக நில்லாது கூட்டுநினைவாக வடிவம் பெற்றது.

இதிலிருந்து தமிழாய்வாளர்க்கு ஒரு கடமை எழுகிறது. ஆலையில் பணியாற்றியோர் முதுமையை அடைந்து வருகின்றனர். அவர்களது வாய்மொழி வரலாறு, அவர்கள் ஒப்புதலோடும் வட்டார வழக்குக் கெடாமலும் பதிவு செய்யப்பட வேண்டும். 1984-இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அம்மலையிலேயே உள்ளது. நாட்டுப்புறப் பாடல்களையும் கதைகளையும் தேடித் தொகுத்த தமிழ்த்துறைகளுக்குப் பதிவுமுறைகள் புதியனவல்ல. வழக்குக் கட்டுகளில் ‘மனுதாரர்’ என்று மட்டும் அறியப்படுவோர் தம் நோயைத் தம் சொற்களிலேயே கூறும் நூலொன்று உருவாகுமாயின், நோயுற்றவனை முதற்கூறாக வைத்த குறளின் வரிசை ஏட்டிலும் நடைமுறைப்படும்.